அப்பாவின் இரத்தப் பரிசோதனை: இரண்டு அளவுகளில் எதை நம்புவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 74. சர்க்கரை நோய் இருப்பதாக இதுவரை எந்த மருத்துவரும் சொன்னதில்லை. அதிகத் தாகம் இல்லை. ஆனால் சில மாதங்களாகச் சோர்வாக இருக்கிறார், கால் விரலில் ஏற்பட்ட சிறு புண்ணும் ஆறாமல் இருக்கிறது. கண்புரை அறுவைக்காக எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும், எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு) 6.7 விழுக்காடு என்றும் வந்துள்ளன. ஹீமோகுளோபின் 9.1 மட்டுமே. முதல் அளவைப் பார்த்த உறவினர்கள் பயமில்லை என்கிறார்கள். இரண்டாவது அளவோ சர்க்கரை நோய் என்கிறது. எதை நம்புவது?

பதில் 1

நான் பொது மருத்துவராகப் பணியாற்றுகிறேன். வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்கிறோம். தெளிவான அறிகுறிகள் இல்லாதபோது, இன்னொரு பரிசோதனையாலும் அது உறுதியாக வேண்டும். வயது ஏற ஏற, வெறும் வயிற்று அளவைவிட உணவுக்குப் பிந்தைய அளவே அதிகமாக உயர்வதால், காலையில் எடுக்கும் ஒற்றை அளவை மட்டும் நம்பினால் முதியவர்கள் பலரின் நோய் தெரியாமலே போய்விடும். உங்கள் தந்தைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை தேவை. அதில் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய். 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போல் சோறு சாப்பிடட்டும். பயந்து குறைத்துக்கொண்டால் முடிவு பிறழக்கூடும்.

பதில் 2

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையின் அளவு. அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால்தான் அது இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகவும், இரத்தம் ஏற்றிய பிறகோ அணுக்கள் விரைவில் சிதையும் நோய்களிலோ குறைவாகவும் காட்டலாம். ஆகவே 9.1 ஹீமோகுளோபினுடன் வந்துள்ள 6.7-ஐ அப்படியே ஏற்கவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. சோகைக்குக் காரணம் என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வயதில் அது தனியாகவே கவனிக்க வேண்டிய விஷயம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அதிலோ சிறுநீர்ப் பரிசோதனையிலோ தெரிந்துகொள்ள முடியாதா?

பதில் 1, மீண்டும்

விரல் நுனியில் எடுக்கும் அளவு, நோய் உள்ளவர்கள் அன்றாடம் கண்காணிப்பதற்கு உதவும். நோயை உறுதிசெய்ய இரத்தக்குழாயிலிருந்து எடுத்த மாதிரியே வேண்டும். முதியவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகவும் ஏறிய பிறகே சிறுநீரில் வெளிப்படுவதால், சிறுநீரில் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. தாகம் இல்லாததையும் ஆறுதலாகக் கொள்ள வேண்டாம், அம்மா. முதுமையில் தாக உணர்வே குறைகிறது.

பதில் 3

எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விரல் புண்ணை யாரும் கவனிக்கவில்லை. குளுக்கோஸ் பரிசோதனையின் முடிவு வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் சரியாக உள்ளனவா என்று இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள்.