விலை கூடின கேமிங் ரவுட்டர் வாங்கிய பிறகு உங்களுக்கு நடந்தது என்ன?

எட்டுக்கொம்பன்:

ஆறு வாரம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. ரேங்க் போட்டி, கடைசிச் சுற்று, எங்கள் அணியில் நான் ஒருவன்தான் மிச்சம். எதிரணியிலும் ஒருவன்தான், அவன் காலடிச் சத்தம் இடப்பக்கக் கதவுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்கிறது. பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட், 18. கதவு திறக்கிறது, சுடுகிறேன், திரை அப்படியே உறைந்து நிற்கிறது. மூலையில் இருந்த 18 இப்போது 640. மறுபடி படம் ஓட ஆரம்பித்தபோது நான் தரையில் கிடக்கிறேன், அவன் என் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறான். மேசை மேல் எட்டு ஆன்டெனாவை விரித்துக்கொண்டு மல்லாந்த சிலந்தி மாதிரி கிடக்கும் ரவுட்டர், தன் சிவப்பு விளக்கை மெதுவாக ஏற்றி இறக்கித் தியானம் செய்துகொண்டிருந்தது.

அடுத்த அறையிலிருந்து தம்பி, "அண்ணா, போன்ல இருக்கற வீடியோவெல்லாம் அப்லோடு போட்டிருக்கேன், புது ரவுட்டர்ல சூப்பரா போகுது" என்கிறான்.

இந்தக் கூத்துக்காகத்தானே பழையதை மாற்றினேன்! பெட்டியில் ஏஎக்ஸ் 11000 என்று போட்டிருக்கிறது, கேமிங் மோட் ஆன், என் கம்ப்யூட்டருக்கு முதல் முன்னுரிமை, வேகம் பார்த்தால் 480 மெகாபிட் காட்டுகிறது. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த 640?

கம்பியே கதி:

கேபிள் போடுங்கள். அவ்வளவுதான்.

நானும் மூன்று வருஷம் வைஃபையோடு மல்லுக்கட்டிவிட்டு ஒருநாள் 20 மீட்டர் கேபிள் வாங்கி ஹாலிலிருந்து என் அறைக்கு இழுத்தேன். சுவரோரமாக ஒட்டுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்று ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறார், கால் மாட்டியது, கேபிள் விறைத்தது, கன்சோல் அலமாரியிலிருந்து தலைகீழாகக் குதித்தது. நல்லவேளை, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் அப்படியே நின்றபடி "டேய், வீட்டுக்குள்ள பாம்பு" என்று கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. கன்சோலின் ஒரு மூலை நசுங்கிப்போனது. பிங் மட்டும் அன்றிலிருந்து அசையவில்லை.

ராக்கோழி:

கம்பியே கதி, பொதுவாக நீங்கள் சொல்வது சரிதான், இந்த விஷயத்தில் தப்பு. எட்டுக்கொம்பனுக்கு நடந்ததற்கும் காற்றில் போகும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. கேபிளில் உட்கார்ந்திருந்தாலும் அதே 640 வந்திருக்கும். நான் ஆடுவது கேபிளில்தான். பின்னால் ஒரு கேம் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது தெரியாமல் ஆடி, 12 இருந்த பிங் 900க்குப் போய், கீபோர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றவன் நான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த 480 டவுன்லோடு. அப்லோடு எவ்வளவு என்று பார்த்தீர்களா? அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத இணைப்புகள் நிறைய உண்டு. தம்பியின் போன் அந்தச் சின்னக் குழாயை முழுக்க அடைத்துவிடும், போக முடியாத மிச்சமெல்லாம் மோடத்தில் வரிசை கட்டும். நீங்கள் சுட்டது ஒரு குட்டித் தரவுப் பாக்கெட், அது போய் அந்த வீடியோ மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறது. கேம் ஆட ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தத் துளி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் விஷயம். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010இல் தன் வீட்டு இணைப்பில் இதே தொல்லையைப் பார்த்துத் துருவத் தொடங்கிய பிறகுதான் இது பரவலாக வெளியே தெரிந்தது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்று ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எஃப்க்யூ கோடெல் வந்தது, அப்புறம் கேக் என்று இன்னொன்று. கேக் 2018இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

ஆகவே ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனாவை எண்ணாதீர்கள், செட்டிங்கில் எஸ்க்யூஎம், அதாவது இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வேகத்தை அளந்து, அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் 90 சதவீதம் அளவுக்கு எண்ணைக் கையால் போடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். ஏன் குறைத்துப் போட வேண்டுமென்றால், வரிசை மோடத்தில் கட்டாமல் ரவுட்டரிலேயே கட்ட வேண்டும், அப்போதுதான் யாரை முன்னால் விடுவது என்பது ரவுட்டர் கையில் இருக்கும். கேமிங் மோட் என்ற அழகான பொத்தான் பல ரவுட்டர்களில் உங்கள் கம்ப்யூட்டரை வரிசையில் முதலில் நிறுத்துவதோடு சரி, வரிசையே வேறு இடத்தில் கட்டும்போது முதலில் நின்று என்ன பயன்?

இன்னொன்று. எஸ்க்யூஎம் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் ரவுட்டரின் புராசசர் தொட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும், வன்பொருள் வழியாகக் குறுக்கே போகும் வசதி அணைந்துவிடும். சாதாரண ரவுட்டர் ஒரு கிகாபிட் இணைப்பில் இதற்கே மூச்சு வாங்கும். கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த இடம் அந்தப் புராசசர்தான். விளக்குக்கெல்லாம் இல்லை.

கம்பியே கதி:

இவ்வளவு நீளமாகப் படிக்கும் நேரத்தில் கேபிளே போட்டுவிடலாம்.

மூலைவீடு:

எங்கள் அப்பாவுக்கு அந்த ரவுட்டரைக் கண்டாலே ஆகாது, "பேய் மாதிரி இருக்கு" என்பார். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் அதைத் தூக்கி ஹாலில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்து, பின்பக்க ஓட்டை வழியாக வயரை விட்டு, கதவையும் சாத்திவிட்டார். பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. எனக்கு யாரும் சொல்லவில்லை, ரவுட்டர் வழக்கமாக இருக்கும் இடம் காலியாக இருப்பதைக்கூட நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. வந்ததிலிருந்து பிங் 40, 200, 60, 300 என்று ஆடுகிறது. மூன்று வாரம் ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் போனது.

ஒரு சாயங்காலம் ஆடிக்கொண்டிருக்கிறேன், திடீரென்று பிங் 15. ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறது. மறுபடி 200. திரும்பிப் பார்த்தால் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே வைத்துவிட்டு பீரோவை மூடிக்கொண்டிருக்கிறார். கதவு இடுக்கில் நீல வெளிச்சம் மெல்ல மறைந்தது. இரும்பும் கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் உலோகமும் சிக்னலுக்குச் சுவர் மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப எதுக்குடா அவ்வளவு விலை குடுத்து வாங்கின, ஒரு கதவைத் தாண்ட முடியல" என்றார். பதில் இல்லை.

தாழப்பறவை:

எனக்கு நடந்ததை ரவுட்டரின் லாக்கை, அதாவது நடந்ததையெல்லாம் அது எழுதி வைக்கும் பதிவை, காட்டிய பிறகுதான் வீட்டில் நம்பினார்கள். வேகம் கூடுமே என்று 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் வைத்திருந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஆட்டத்தின் நடுவே வைஃபை பெயரே காணாமல் போகும், ஒரு நிமிஷம் கழித்துத் திரும்ப வரும். வெறுத்துப்போய் ராத்திரி 2 மணிக்கு லாக்கைத் திறந்தால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: ராடார் கண்டறியப்பட்டது. மூன்று தடவை படித்தேன். வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவனுக்கு ராடாரோடு என்ன வேலை?

52லிருந்து 144 வரைக்குமான சேனல்களில் நாம் ஒண்டுக்குடித்தனம், ராடார்தான் வீட்டுக்காரர். அது தலைகாட்டினால் ரவுட்டர் உடனே காலி செய்ய வேண்டும், அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. அதே மாதிரியான வேறு சேனலுக்குப் போனாலும் ஒரு நிமிஷம் சும்மா காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கலாம். என்னைத் தூக்கி எறிந்தது அந்த ஒரு நிமிஷம்தான். எங்கள் மாடிக்கு மேல் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும், அது இத்தனை வருஷமும் ஒரு அழகான காட்சியாகத்தான் தெரிந்தது. அகலத்தை 80க்குக் குறைத்து, ராடார் பக்கம் போகாத 36ஆம் சேனலில் நிறுத்திவிட்டேன், அதற்கப்புறம் ஒரு தடவையும் போகவில்லை. ராக்கோழி சார் எஸ்க்யூஎம் புராணம் பாடுகிறார், சரி, ஆனால் எல்லாருடைய நோயும் அது இல்லை.

ராக்கோழி:

எல்லாருடைய நோயும் அது என்று நான் எங்கே சொன்னேன்? எட்டுக்கொம்பனுக்குச் சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள்.

பெட்டிபடிக்காதவன்:

சண்டை வேண்டாம், நான் சிரிக்க வைக்கிறேன். வைஃபை 7 ரவுட்டர் வாங்கினேன். 320 மெகாஹெர்ட்ஸ், 6 கிகாஹெர்ட்ஸ், எம்எல்ஓ, இருக்கிற எல்லாம் அதில் இருக்கிறது. வாங்கிய பிறகும் கேம் பழைய மாதிரியேதான் இறங்குகிறது. தங்கச்சி வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, உன் எக்ஸ்பாக்ஸ்ல வைஃபை எத்தனை?"

சீரிஸ் எக்ஸ். வைஃபை 5.

6 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிஎஸ் 5 வைத்திருந்தாலும் வைஃபை 6 வரைதான், பிஎஸ் 5 ப்ரோவில்தான் 7 வந்தது. நான் ரவுட்டருக்குப் பதிலாகக் கன்சோலின் பெட்டியைப் படித்திருக்க வேண்டும் என்றாள், தேவையா எனக்கு. அதோடு விட்டாளா? எட்டுக்கொம்பன் சொல்கிறாரே 11000, அதையும் பேப்பரில் போட்டுக் காட்டினாள்: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1148, 5இல் 4804, இன்னொரு 5இல் 4804, கூட்டினால் 10756, கொஞ்சம் தாராளமாக 11000. சாதாரணமாக ஒரு கருவி ஒரு நேரத்தில் இதில் ஒரு பட்டையில்தான் இருக்கும். மூன்று சாலையின் வேக வரம்பையும் கூட்டி ஒரே போர்டில் எழுதி வைத்த மாதிரி. அந்தப் பேப்பரை மடித்து ரவுட்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன், மேசை ஆடாமல் இருக்கிறது.

எலிவால்:

எல்லாரும் ரவுட்டரையே சொல்கிறீர்கள், நான் ரவுட்டரை மாற்றியே தப்பு செய்தவள். குறி வைக்கும்போது குறுக்குக்கோடு விட்டு விட்டு நகரும், தடவித் தடவிப் போகும். லேக்தான், நெட் தாமதம்தான் என்று முடிவு கட்டி, இருந்ததை விட மேலான ரவுட்டர் வாங்கி மாட்டினேன். அப்படியேதான். பிங் எண்ணைப் பார்த்தால் 20லேயே நிற்கிறது, அதையும் நம்பவில்லை, அந்த எண்தான் பொய் என்று நினைத்தேன்.

ஒருநாள் நெட் போய்விட்டது, சும்மா டெஸ்க்டாப்பில் மவுஸை நகர்த்துகிறேன், அங்கேயும் விட்டு விட்டு நகர்கிறது. இணைப்பே இல்லாத கம்ப்யூட்டரில் லேக்! கையை மவுஸ் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் குனிந்து பார்த்தால் மவுஸின் குட்டி ரிசீவர், ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும், இன்டெல்லே 2012இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை முன்பக்கம் மாற்றினேன். முடிந்தது. புது ரவுட்டரைப் பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எட்டுக்கொம்பன்:

ராக்கோழி, செய்து பார்த்தேன். அப்லோடு அளந்தால் 42தான் வருகிறது, இத்தனை நாள் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. கேமிங் மோட் பொத்தானுக்குக் கீழே எஸ்க்யூஎம் பக்கம் ஒளிந்திருந்தது, அப்லோடு கட்டத்தில் ஆட்டோ என்று இருந்தது, 38 போட்டேன், டவுன்லோடு 430. தம்பியைக் கூப்பிட்டு, "இருக்கற வீடியோ எல்லாத்தையும் மறுபடி ஏத்துடா" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஏற்றினான். பிங் 18, 23, 21, 22. பத்து நிமிஷம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதிரில் வந்தவனைக் கவனிக்கவில்லை, அந்தச் சுற்றும் போச்சு.

ஆனால் ஒரு விஷயம். பழைய ரவுட்டரை அத்தை வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். நேற்று அத்தை மகனிடம் போனில் கேட்டு அதன் செட்டிங் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். எஸ்க்யூஎம் அதிலும் இருக்கிறது. "எதுக்கு மாமா கேக்கறீங்க, திருப்பி வேணுமா?" என்றான். சும்மாதான்டா என்று வைத்துவிட்டேன்.

கம்பியே கதி:

உங்கள் அறைக்கும் ரவுட்டருக்கும் எத்தனை மீட்டர்?