"குழந்தையை உடனே பெத்துக்கோங்க"ன்னு கல்யாண மேடையில சொன்னப்போ நீங்க அங்க இருந்திருக்கீங்களா?

மன்னார்குடிக்காரி:
2025 மார்ச்சுல நாகப்பட்டினத்துல ஒரு கல்யாணத்துல முதல்வர் ஸ்டாலின் பேசினது ஞாபகம் இருக்கும். முன்னாடியெல்லாம் நிதானமா பெத்துக்கோங்கன்னு சொல்வேன், இப்போ அப்படிச் சொல்ல முடியாது, உடனே பெத்துக்கோங்கன்னார். தொகுதி மறுசீரமைப்பு விஷயம், ஜனத்தொகையை வெச்சு எம்.பி. சீட்டைப் பிரிச்சா நமக்குக் குறைஞ்சுடுமேங்கிற பயம்.

அப்புறம் கல்யாணத்துல வாழ்த்திப் பேச வர்ற எல்லாரும் அதே வசனம்தான். எங்க நாத்தனார் கல்யாணத்துல எங்க ஊர்ப் பெரும்புள்ளி ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "அடுத்த வருஷம் வளைகாப்புக்கும் நான்தான் தலைமை"ன்னார். பந்தலே சிரிச்சுது. அவ நீர்க்கட்டிக்கு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறவ. மாலையில உதிர்ந்த பூவைப் பொறுக்கி மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. மாப்பிள்ளைகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

ஓய்வுபெற்ற நர்சம்மா:
நான் கிராம சுகாதார செவிலியரா இருந்தவ. எங்க காலத்துல பேச்சு நேர் எதிர். ரெண்டோட நிறுத்துன்னு மேடையில தலைவருங்க சொல்வாங்க, வீடு வீடாப் போய் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கிறது, அதான் "கேஸ் பிடிக்கிறது", நாங்க. மாசக் கூட்டத்துல டார்கெட் குறைஞ்சா எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேப்பாங்க. 1996ல டார்கெட்டை எடுத்தாங்க, கேள்வி மட்டும் நிக்கலை.

ஆம்பளைக்குச் செய்யறது சின்ன ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொல்வேன். ஒரு மாமியார் என்னை வாசல்லயே நிறுத்தி, "அவன் மூட்டை தூக்குறவன் நர்சம்மா, இவளுக்கே பண்ணிடுங்க"ன்னாங்க. இவ தினம் நாத்து நடப் போறவ! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல கல்யாணமான பெண்கள்ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுகிட்டவங்க 37.9 சதவீதம், கணவர் செஞ்சுகிட்டது 0.3. எனக்கு ஆச்சரியமே இல்லை.

சேலம் அண்ணன்:
கொஞ்சம் நியாயமாவும் பேசுவோம். அதே 2019-21 கணக்கெடுப்புப்படி நம்ம மாநிலத்துல ஒரு பொண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தைதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்சதுக்காக 39 எம்.பி. சீட்டுல கை வைக்கலாமாங்கிற கோபம்தான் அந்தப் பேச்சு. 2024ல ஸ்டாலின் "பதினாறு பிள்ளை பெத்துக்கலாமே"ங்கிற மாதிரி சொன்னதும் நக்கல்தான். பீகார்ல முதல்வரா இருந்த நிதிஷ் குமார் 2023 நவம்பர்ல சட்டசபையிலயே படுக்கையறை விஷயத்தை விவரிச்சாரே, அதோட இதைச் சேர்க்காதீங்க. அவர் மறுநாளே மன்னிப்புக் கேட்டார்.

மன்னார்குடிக்காரி:
கோபம் சரிதாண்ணா. டெல்லி மேல வர்ற கோபத்துக்கு எங்க நாத்தனார் ஏன் பதில் சொல்லணும்? நிதிஷ் பேச்சு ஆபாசம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, அதனால மன்னிப்பு வந்துச்சு. சிரிச்சுகிட்டே வாழ்த்தாச் சொன்னா யாரும் கேக்கறதில்லை.

கரூர் பொண்ணு:
என்னோடது வேற மாதிரி. முதல் குழந்தைக்கு எட்டு மாசம், மறுபடி தள்ளிப்போச்சு. வேண்டாம், கலைச்சுடலாம்னு நானும் என் வீட்டுக்காரரும் முடிவு பண்ணினோம். அவர் கத்தார்ல. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கணவர் கையெழுத்து இல்லாம தொட மாட்டோம்னுட்டாங்க. சட்டத்துல அப்படி இல்லையேன்னேன். "அது சட்டம், இது எங்க ரூல்ஸ்"னு பதில். கடைசியில அவர் ஒரு வெள்ளைத் தாள்ல கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பினார், அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அது அவர் போட்டதுதானான்னு ஒருத்தரும் கேக்கலை, பேப்பர் இருந்தா போதும் அவங்களுக்கு! சட்டசபையில இதைப் பத்தி யாராவது ஒரு கேள்வி கேட்டா நல்லா இருக்கும்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:
நீ சொன்னதுதான் சரி கண்ணு. 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு அவ சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தத்துல, கருத்தடை தவறிக் கரு உண்டானதைப் பத்திச் சொல்ற இடத்துல கணவர்ங்கிறதைத் துணைவர்னு மாத்திட்டாங்க. 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், சிலருக்கு 24 வாரம் வரைக்கும் கலைக்கக் கொடுத்த அனுமதியில இருந்து கல்யாணம் ஆகாதவங்களை ஒதுக்கக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. உன் பேர் விவரத்தை வெளியில சொல்றதும் தப்பு. சம்மதத்துக்குன்னு படிவம் 'சி' இருக்கு. இனி யார் கேட்டாலும் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டச் சொல்லு. அதுல கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது.