ஐந்து மாதமாகக் காணாக்கடி (தோல் திடீரெனத் தடித்து அரிக்கிற வருத்தம்). பெரிய ஆட்களுக்கும் இப்படி வருமா?

நெத்தலியாறு:
எனக்கு வயது 36. விசுவமடுப் பக்கம், வயலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும்தான் பிழைப்பு. காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு தொடங்கியது, ஐந்து மாதமாகிறது. இருட்டினால் போதும், முதலில் பெல்ட் இறுக்கிய இடத்தில் கடிக்கும், சொறிந்தால் மயிர்க்கொட்டி பட்டது போலத் தடித்துக்கொண்டு முதுகு, தொடை என்று பரவும். விடிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அங்கேதான் பிரச்சினையே. ஐந்தரை பஸ் பிடித்துப் போய் ஓ.பி.டி வரிசையில் நின்று உள்ளே போகும்போது உடம்பு துடைத்து விட்டது போல இருக்கிறது. எங்கே தடிப்பு என்று டொக்டர் கேட்கிறார், நான் எதைக் காட்ட? ஐந்து நாளுக்குப் பிரிற்றன் (அலேர்ஜிக் கடிக்குப் போடும் குளிசை) தந்து அனுப்பிவிட்டார்கள். அதைப் போட்டால் அடுத்த நாள் பத்து மணி வரை தலை நிமிராது, அந்தத் தூக்கத்தோடு லாண்ட்மாஸ்டரை வரம்பில் ஏற்றி ஒரு நாள் கவிழப் பார்த்தேன்.

அம்மா இது கிரந்தி, சூட்டுச் சாப்பாட்டால் வருவது என்கிறார். கத்தரிக்காய், அன்னாசி, சூரை, நண்டு, நந்திக்கடல் இறால் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதமாகப் பருப்பும் சொதியும்தான். ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் ஒரு வருத்தமா என்று மச்சான் சிரிக்கிறார். எனக்கு மட்டும்தானா, இல்லை வேறு ஆட்களுக்கும் இருக்கிறதா?

பாலைப்பழம்:
தம்பி (எனக்கு 41, அதனால் தம்பி என்றே சொல்கிறேன்), நான் மல்லாவியில் ரீச்சர். எனக்கு இது நாலு வருடம். நீங்கள் எழுதியதில் பாதி என் கதை. சேலை இடுப்பில் இறுகும் இடம், பை தொங்கும் தோள், அங்கேதான் முதலில் வரும். ஒரு நாள் முதலாம் பாடத்தில் மேலுதடு வீங்கத் தொடங்கி, லேஞ்சியால் வாயை மூடிக்கொண்டே மூன்றாம் பாடம் வரை படிப்பித்தேன். கடியைக்கூடத் தாங்கலாம், இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பி ஈரத்துணி போட்டுவிட்டு விடிய முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதுதான் ஆளைத் தின்னும். கலியாண வீடு, கோயில் திருவிழா எல்லாம் சாட்டுச் சொல்லித் தவிர்த்தேன், ஒட்டுகிற வருத்தம் என்று சனம் ஒதுங்கி நிற்கும் என்ற பயம். உண்மையில் இது ஒட்டாது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இரவில் தடித்தவுடன் போனில் படம் எடுங்கள். எத்தனை தடிப்பு, கடி எவ்வளவு என்று ஒரு கொப்பியில் தினமும் எழுதுங்கள். என்னை முதன்முதலாக ஒழுங்காகக் கவனித்த டொக்டர் என் தோலைப் பார்க்கவே இல்லை, கொப்பியையும் படங்களையும்தான் பார்த்தார். இன்னொன்று, வெட்டுக் காலத்தில் உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக் போட்டீர்களா? எனக்கு அது போட்ட நாளெல்லாம் இரட்டிப்பாக வந்தது. இப்போது பனடோலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெள்ளைச்சட்டை:
வவுனியாவில் தாதியாக இருக்கிறேன், டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆறு கிழமைக்கு மேல் அடிக்கடி வந்தால் அதை நீண்டகாலக் காணாக்கடி என்கிறோம். 2020 இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று வந்தது: எந்த நேரத்திலும் உலகத்தில் 0.7 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, ஆசியாவில் 1.4. அதை வைத்துப் பார்த்தால் ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் பத்துப் பன்னிரண்டு பேராவது இரவில் சொறிந்துகொண்டு இருக்கிறார்கள். அதிகம் வருவது 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு. நீங்களும் அந்த வயதுக்குள்தான் நிற்கிறீர்கள் அண்ணா. மச்சானுக்கு ஒன்று சொல்லுங்கள்: 1997 இல் வந்த ஓர் இங்கிலாந்து ஆய்வு நீண்டகாலக் காணாக்கடி உள்ளவர்களின் அன்றாடக் கஷ்டத்தை இதய ஒப்பரேஷனுக்குக் காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டது, களைப்பு, தனிமை, மனச் சலிப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு.

சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலில் உள்ள மாஸ்ட் கலங்களைத் தூண்டிவிட, அவை கடியையும் தடிப்பையும் கொண்டுவரும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தைரொயிட் பிரச்சினையும் சிலரிடம் கூடவே இருக்கும், அதனால் இரத்தம் சோதிக்கச் சொல்வார்கள். மருந்தில் பிரிற்றன் பழைய வகை. செற்றிரிசின், லோரட்டடின், பெக்சோபெனடின் போன்றவை தூக்கம் குறைவு. அதையும் வந்த அன்றைக்கு மட்டும் போட்டுச் சரிவராது, தினமும் போட வேண்டும். ஒன்று போதாவிட்டால் டொக்டர் நாலு மடங்கு வரை கூட்டுவார், நீங்களாகக் கூட்ட வேண்டாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு நாலு கிழமைக்கு ஒரு தடவை ஒமலிசுமாப் ஊசி இருக்கிறது, விலை கூடியது. பெரும்பாலும் ஒரு வருடம் முதல் ஐந்து வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சு முட்டினால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் அதே இடத்தில் நின்று கண்டல் போல அடையாளம் விட்டாலும் காட்டுங்கள், அது வேறு வகையாக இருக்கலாம்.

ஏ9 பயணி:
சாப்பாடு இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு இறால் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடித்தது, விட்டேன், இன்றைக்கு வரை இல்லை.

வெள்ளைச்சட்டை:
உங்களுடையது இறால் அலேர்ஜி, சாப்பிட்டவுடன் வந்தது, விட்டவுடன் நின்றது. அவர் மூன்று மாதம் விட்டும் தினமும் வருகிறதே, அதுதான் வித்தியாசம். நீங்கள் தொடர்ந்தும் இறாலைத் தொடாதீர்கள்.

நெத்தலியாறு:
எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டது சரி, வெட்டு முடியும் வரை டைக்ளோபெனாக்தான் போட்டேன், இப்போதும் இடுப்பு நோவுக்கு இடைக்கிடை போடுகிறேன். இனி இல்லை. நேற்று இரவு பதினொரு படம் எடுத்தேன், மனைவிதான் ரோர்ச் பிடித்தார். திங்கட்கிழமை அதே ஐந்தரை பஸ்ஸில் போகிறேன், இந்தத் தடவை காட்ட ஏதோ இருக்கிறது. இன்றைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அம்மா காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.