தைவான் மாணவிக்கு ஆங்கில டியூஷன்: கிராமர் ஒர்க்ஷீட் சரி, சொந்தமா எழுதினா தப்பு. எங்க தொடங்கறது?

ராயக்கோட்டை_டீச்சர்:

வணக்கம். ஓசூர்ல ஒரு தைவான் குடும்பத்துப் பொண்ணுக்கு ஆங்கிலம் எடுக்கணும். வயசு 13, இங்க சிபிஎஸ்இ எட்டாவது. வீட்ல மாண்டரின் மட்டும்தான். வாரம் மூணு வகுப்பு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு எடுத்த பழக்கம் உண்டு. சீனம் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

கோடிட்ட இடம் நிரப்புறதுல மார்க் வாங்கிடறா. பத்து வரி சொந்தமா எழுதச் சொன்னா "யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட், தேர் ஹேவ் மெனி பீப்பிள்" அப்படின்னு வருது. அவங்க அம்மாவைப் பத்திப் பேசும்போதே "ஹீ"ங்கறா. ரீடிங் பத்தி குடுத்தா போன் கேமராவை நீட்டி மொத்தத்தையும் சீனத்துல மாத்திடறா. வேர்ட் லிஸ்ட் குடுத்தா மறுநாள் ஸ்பெல்லிங்கோட ஒப்பிக்கறா, ஆனா வாக்கியத்துல போடத் தெரியல.

ரீடிங், கிராமர், சொல்வளம் மூணுல எதை முதல்ல பிடிக்கறது? எந்தத் தப்பை இப்போதைக்கு விட்டுடலாம்?

தகடூர்க்காரன்:

மேடம், கிராமரைப் பத்தி மட்டும் சொல்றேன்.

மாண்டரின்ல வினைச்சொல் உருமாறவே மாறாது. நேத்து, இன்னிக்கு, நாளைக்கு எல்லாத்துக்கும் ஒரே வடிவம். நான், அவன், அவங்க யாரு செஞ்சாலும் அதே வடிவம். வேலை முடிஞ்சதைக் காட்ட "ல"ன்னு ஒரு ஒட்டு உண்டு; அது இறந்தகாலம் இல்ல, நாளைக்கு முடியப்போற வேலைக்கும் வரும். அதனால "யெஸ்டர்டே"ன்னு போட்டதுமே அவ கணக்குல காலம் சொல்லியாச்சு, வினையையும் ஏன் மாத்தணும்னு தோணும். நம்ம பிள்ளைக்கு போனேன், போறேன், போனா, போறாங்கன்னு காலமும் ஆளும் வினையிலேயே ஒட்டி வருது. தமிழ்ப் பிள்ளைக்கு "கோ, வென்ட்" மாத்தச் சொன்னா போதும். இவளுக்கு வினையைத் திரும்பிப் பாக்குற பழக்கத்தையே புதுசா உண்டாக்கணும். ஒர்க்ஷீட்ல அடைப்புக்குறிக்குள்ள வினை இருக்கறதால "இங்க மாத்து"ன்னு அதுவே சொல்லிடுது. சொந்தமா எழுதுறப்ப அப்படிச் சொல்ல ஆள் இல்ல.

அதனால கோடிட்ட இடத்தை நிறுத்துங்க. 80 வார்த்தையில ஒரு பத்தி, தினமும் நடக்கற விஷயமா குடுங்க. முதல்ல பென்சிலால எல்லா வினையையும் வட்டம் போடட்டும், எதையும் மாத்தக் கூடாது. அப்புறம் முதல் வரிக்கு முன்னாடி "லாஸ்ட் சண்டே" சேர்த்து மொத்தப் பத்தியையும் திருப்பி எழுதச் சொல்லுங்க. இது வந்த பிறகுதான் சொந்தமா ஆறு வரி. எழுதி முடிச்சதும் திருத்தம் ரெண்டு சுத்து: ஒரு சுத்து வினைக்கு மட்டும், அடுத்த சுத்து பெயர்ச்சொல்லுக்கு மட்டும் (ஒண்ணா, பலவா, எண்ண முடியாததா). ரெண்டையும் ஒரே சுத்துல பாக்கச் சொன்னா ரெண்டும் கோட்டை விடும். நீங்களும் ஒரு வாரத்துக்கு ஒரு வகைத் தப்பை மட்டும் சிவப்பு மையில தொடுங்க. மத்ததைப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடுங்க.

ஒரு விஷயம் காதால சோதிக்கணும். மாண்டரின்ல ஒரு அசை உயிரொலியிலோ, "ன்", "ங்", சில இடத்துல "ர்" ஒலியிலோதான் முடியும். ட், ஸ், க் இதெல்லாம் கடைசியில வராது. அதனால "வாக்", "வாக்ஸ்", "வாக்ட்" மூணும் அவ வாயில ஒண்ணாயிடும். வாயில வராதது கையிலயும் வராது. நம்ம பிள்ளைங்க கடைசியில "உ" சேர்த்து "ஸ்கூலு"ங்கும், இவ அந்த எழுத்தையே விழுங்குவா. மூணையும் கலைச்சுச் சொல்லி, எதுன்னு விரல் காட்டச் சொல்லுங்க. காட்டத் தெரியலேன்னா அது கிராமர் பிரச்சினை இல்ல, கேட்கற பிரச்சினை. வகுப்புக்கு அஞ்சு நிமிஷம் அதுக்கே போகட்டும்.

"ஹீ, ஷி" குழப்பத்துக்குக் கவலைப்படாதீங்க. பேச்சுல ரெண்டுக்கும் "தா"தான். எழுத்து மட்டும் வேற. விதி அவளுக்குத் தெரியும், வேகத்துல நழுவுது. எழுதும்முன்னாடி ஓரத்துல ஆள் பேரும் பக்கத்துல "ஹீ" இல்ல "ஷி"யும் குறிச்சுக்கட்டும், போதும்.

"தேர் ஹேவ்" மட்டும் இப்பவே நிறுத்த வேண்டியது. "இருக்கு", "என்கிட்ட இருக்கு" ரெண்டுக்கும் அவங்களுக்கு ஒரே வினை, அதான் "ஹேவ்" வருது. இடம் முதல்ல வந்தா "தேர் இஸ், தேர் ஆர்", ஆள் முதல்ல வந்தா "ஹேவ், ஹேஸ்". இந்த ஒரு பிரிப்பு போதும்.

சூளகிரி_எம்ஏ:

ரீடிங்ல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அது சென்னையில இங்கிலீஷ் மட்டுமே பேசுற வாத்தியாருக்குக் கிடைக்காது. "நேத்து கே.ஆர்.பி. டேம்ல பாத்த பையன்"னு தமிழ்ல விவரமெல்லாம் முன்னாடி, பையன் கடைசியில. மாண்டரின்லயும் அப்படியே: விவரம், நடுவுல "த"ன்னு ஒரு ஒட்டு, அப்புறம் பையன். ஆங்கிலம் மட்டும்தான் பையனை முதல்ல நிறுத்திட்டு "ஹூ"ன்னு வால் கட்டுது. அதனால இவ நீள வாக்கியத்தைக் கடைசி வரை போய், திரும்பி வந்து, தலைகீழா அடுக்கிப் பாக்கறா. நாமளும் மனசுக்குள்ள அதையேதான் செய்யறோம். நேரம் அங்கதான் போகுது. கேமராவை நீட்டறது சோம்பல் இல்ல, அந்த அடுக்கற வேலையைப் போன் செஞ்சு குடுக்குது.

மருந்து: துண்டு துண்டா வாசிக்கறது. "த கேர்ள் / ஹூ சாட் நியர் த விண்டோ / ஹேஸ் லெஃப்ட்." கோடு நீங்க போட்டுக் குடுங்க. ஒவ்வொரு துண்டும் முடிஞ்ச இடத்துலயே அர்த்தம் சொல்லணும், திரும்பிப் போகக் கூடாது. "பொண்ணு... ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்தவ... போயிட்டா." அவ சீனத்துலயே சொல்லட்டும், உங்களுக்குப் புரியணும்னு இல்ல, வரிசை மாறாம மூணு தடவை வாய் திறக்குதான்னு பாருங்க. ரெண்டு வாரம் கோடு நீங்க போடுங்க, அப்புறம் பென்சிலை அவகிட்ட குடுங்க. தப்பான இடத்துல கோடு போட்டா அங்கதான் புரியலைன்னு தெரிஞ்சுடும். பெரும்பாலும் "சாட்" ஒரு பக்கம், "நியர் த விண்டோ" இன்னொரு பக்கம்னு பிரியற இடத்துலதான் தடுமாறும். ஏன்னா மாண்டரின்ல நேரமும் இடமும் வினைக்கு முன்னாடியே வந்துடும். எழுதும்போது "ஐ இன் ஸ்கூல் ஈட் லஞ்ச்"னு வர்றதும் அதனாலதான்.

பத்தியைத் தேர்ந்தெடுக்கறதுதான் பாதி வேலை. ஏதாவது ஒரு இடத்துல நூறு வார்த்தை எண்ணுங்க. தெரியாதது ரெண்டுக்குள்ள இருந்தா தனியா வாசிக்கலாம், வீட்டுக்குக் குடுங்க. அஞ்சு வரை இருந்தா உங்களோட சேர்ந்து வாசிக்கறதுக்கு. பத்து தாண்டினா அது ரீடிங் இல்ல, அகராதி புரட்டற வேலை, மூடி வைங்க. அவ பள்ளிப் பாடநூல் மூணாவது வகையிலதான் விழும்னு நினைக்கறேன். அதைப் பள்ளிக்காகச் செய்யுங்க, வாசிப்புப் பயிற்சின்னு நம்பாதீங்க.

செயப்பாட்டுவினைக்கு நம்ம மாவட்டத்துலயே சரக்கு இருக்கு. மாங்கூழ் ஆலையில நடக்கறதை 120 வார்த்தையில எழுதிக் குடுங்க: பழம் கழுவப்படுது, தோல் கொட்டை நீக்கப்படுது, கூழ் சூடாக்கப்படுது, டின்ல அடைக்கப்படுது. "பெங்களூரா" மாம்பழத்தைச் சாலையோரம் தினமும் பாத்திருப்பா. செய்யற ஆள் முக்கியமில்லாத இடத்துலதான் "ஆர் வாஷ்ட், ஆர் பேக்ட்" இயல்பா வரும். ஓசூர் ரோஜாத் தோட்டத்தையும் இப்படி எழுதலாம். "த மேன் வாஸ் பிட்டன் பை த டாக்"னு நாயை வெச்சே எத்தனை காலம் ஓட்டறது!

பென்னாகரம்_ஆங்கிலம்:

சொல்வளத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, தைவானா சீனாவான்னு தெரிஞ்சுக்கறது முக்கியம், நீங்களே தைவான்னு சொல்லிட்டீங்க. அங்க மரபு எழுத்து, சீனாவுல எளிதாக்கின எழுத்து. அகராதி அமைப்புல இதை மாத்தலேன்னா பொண்ணு முகம் சுளிக்கும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில ஆங்கிலம்-சீனம் மரபு எழுத்துப் பிரிவு தனியா உண்டு. விளக்கம் ஆங்கிலத்துல, அடியில சீனச் சொல். போன் கேமராவுக்குப் பதிலா அதைக் குடுங்க. ஒரு பத்திக்கு மூணு சொல் தேடலாம், அதுவும் முழுப் பத்தியையும் ஒரு தடவை வாசிச்ச பிறகு. எந்த மூணுன்னு அவளே தீர்மானிக்கணும். அந்தத் தீர்மானத்துலயே பாதி அர்த்தம் பிடிபட்டுடும்.

இன்னொண்ணு: சீனாவுல பிள்ளைங்க பின்யின்னு ரோமன் எழுத்துல உச்சரிப்பு கத்துக்கும், அதனால ஆங்கிலத்துல "க்யூ", "எக்ஸ்" பாத்தா "ச்ச", "ஷ" ஒலி குறுக்க வரும். தைவான்ல 37 குறி கொண்ட ஜூயின், ரோமன் எழுத்தே இல்ல. அந்தக் குழப்பம் இவளுக்கு இருக்காது. அங்க ஆங்கில உச்சரிப்புக்குக் கேகே குறியீடு சொல்லித் தர்றது வழக்கம். அவ நோட்டுல விசித்திரமான குறி இருந்தா அழிக்கச் சொல்லாதீங்க.

லிஸ்ட் ஒப்பிக்கறதை நிறுத்த வேண்டாம், அது அவ பலம். ஆனா தனிச் சொல்லா இல்லாம ஜோடியா ஏத்துங்க. அட்டையோட முன்பக்கம் சீன அர்த்தம் (அவளே எழுதணும்), பின்பக்கம் "ஹெவி ரெய்ன்", "டேக் மெடிசின்", "டர்ன் ஆன் த லைட்", "வாட்ச் டிவி", "ரீட் எ புக்". ஒரு வகுப்புக்கு எட்டு ஜோடி போதும். மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம் கழிச்சுன்னு திருப்பிக் கேளுங்க, தப்பினது மறுபடி முதல் கட்டுக்கு. ஏன் இந்த ஜோடிகள்னா, அவ மொழியில பெரிய மழை, மருந்து சாப்பிடறது, லைட்டைத் திறக்கறது. டிவி, புத்தகம், படம் எல்லாத்துக்கும் "கான்"ங்கற ஒரே வினை. கடன் வாங்கறதும் குடுக்கறதும் ஒரே சொல், அதனால "பாரோ", "லெண்ட்" கட்டாயம் மாறும். ரெண்டையும் ஒரே நாள்ல கத்துக் குடுக்காதீங்க, இன்னும் குழம்பும். முதல்ல "பாரோ ஃப்ரம்", பத்து நாள் கழிச்சு "லெண்ட் டு".

கவனிச்சீங்களா, மாத்திரை சாப்பிடறது நமக்கும் அதேதான். உங்க காதுக்குச் சரியாப் படும் தப்பெல்லாம் நழுவிப் போகும்.

தகடூர்க்காரன் சொன்ன "ஒரு வாரம் ஒரு தப்பு" எனக்கு முழுசா ஒப்பல. கால வினைக்கு ஒரு வாரம் பத்தாது, மாசக்கணக்குல இழுக்கும். "ஆல்தோ... பட்", "பிகாஸ்... ஸோ" மாதிரி ஒரே வாக்கியத்துல ரெண்டு இணைப்புச் சொல் வர்றதை (சீனத்துல ஜோடியாத்தான் வரும்) ஒரே வகுப்புல முடிச்சுடலாம். எல்லாத்துக்கும் ஒரே அளவு நேரம் வெச்சா லேசானதுல நேரம் வீணாகும்.

தகடூர்க்காரன்:

ஒத்துக்கறேன் சார். வாரக் கணக்கை விட்டுடலாம். ஒரு நேரத்துல ஒரு வகைங்கறது மட்டும் இருக்கட்டும். ஆர்ட்டிகிளை (எ, ஆன், த) கடைசிக்குத் தள்ளுங்க. சீனத்துலயும் இல்ல, தமிழ்லயும் இல்ல, கத்துக்கறவங்க கடைசியில பிடிக்கற சங்கதி அது. ஆனா எண்ண முடியாத பெயர்ச்சொல்லை இப்பவே எடுக்கலாம். மாண்டரின்ல எதை எண்ணினாலும் நடுவுல ஒரு அளவைச் சொல் வந்தே ஆகணும், புத்தகத்துக்கு ஒண்ணு, தாளுக்கு ஒண்ணு. அதனால "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "எ ஷீட் ஆஃப் பேப்பர்" நம்ம பிள்ளையை விடச் சீக்கிரம் பிடிச்சுக்குவா.

ராயக்கோட்டை_டீச்சர்:

மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ரெண்டு வருஷத்துல ஊர் திரும்பிடுவாங்களாம், அங்க என்ன தேர்வு? அடுத்தது, பெரிய எண் வாசிக்கும்போது நின்னுடறா. கணக்குல புலி, "டூ மில்லியன்"னா முழிக்கறா.

பென்னாகரம்_ஆங்கிலம்:

அவங்க மொழி பத்தாயிரத்துல கட்டும்: பத்தாயிரம் ஒரு "வான்", நம்ம லட்சம் பத்து வான், மில்லியன் நூறு வான், கோடி ஆயிரம் வான். பள்ளியில லட்சம் கோடி, புத்தகத்துல மில்லியன், தலைக்குள்ள வான். மூணு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல ஒரு அட்டையில எழுதி மேசையில ஒட்டிடுங்க. பத்தியில எண் வந்தா முதல்ல மூணு மூணு இலக்கமா கமா போட்டுட்டு வாசிக்கட்டும்.

தேர்வு: தைவான்ல ஒன்பதாவது முடிக்கறவங்களுக்கு மே மாசம் ஒரு பொதுத் தேர்வு, 2014ல இருந்து நடக்குது. ஆங்கிலத்துல வாசிப்பும் கேட்கறதும் மட்டும், எல்லாமே விடை தேர்ந்தெடுக்கறது, கட்டுரை கிடையாது. அடிப்படைச் சொல் பட்டியல் 1200 சொல். அதை அவங்க அம்மாகிட்ட கேட்டு வாங்கி, தெரிஞ்சதை அடிச்சுட்டு மிச்சத்தை மட்டும் ஜோடி அட்டையாக்குங்க. எழுத்தையும் யாராவது மதிப்பிடணும்னா ஜிஇபிடின்னு அங்க ஒரு தேர்வு இருக்கு, நாலு திறனும் பாப்பாங்க. தொடக்க நிலைத் தாள் இவ வயசுக்குப் பொருந்தும்.

சூளகிரி_எம்ஏ:

ஒண்ணு விட்டுப்போச்சு. "டிட்ன்ட் யூ ஃபினிஷ் யுவர் ஹோம்வொர்க்?"னு கேட்டா அவ "யெஸ்"ம்பா. முடிக்கலைன்னு அர்த்தம். நாமளும் "ஆமா, முடிக்கல"ன்னுதான சொல்றோம், அதனால உங்களுக்குச் சரியாவே புரிஞ்சுடும், திருத்தவும் தோணாது. ஆங்கிலத்துல மட்டும்தான் அது தலைகீழ் அர்த்தம் குடுக்கும். கேள்வியில "நாட்" இருக்கறதை மறந்துட்டு, செஞ்சேனா செய்யலையான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க. செய்யலேன்னா "நோ, ஐ டிட்ன்ட்", செஞ்சிருந்தா "யெஸ், ஐ டிட்". வெறும் "யெஸ்" மட்டும் சொல்லி நிறுத்தினா ஏத்துக்காதீங்க, பின்னாடி அந்த ரெண்டு வார்த்தையும் வரணும்.