எஞ்சின் நின்று, கடல் நங்கூரம் (அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் குடைபோல் விரிந்து படகைப் பிடித்து நிறுத்தும் பாராசூட் துணி, அல்லது அதற்கு மாற்று) விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தூத்தூரான்:
2015, ஒக்கி புயலுக்கு இரண்டு வருடம் முன்பு. லட்சத்தீவுக்கு மேற்கே டீசலில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்றுவிட்டது. படகு காற்றுக்குப் பக்கவாட்டில் கிடந்து புரளுகிறது. சித்தப்பாதான் ஸ்ராங்கு, படகை ஓட்டும் தலைவர். "வலையைச் சுருட்டிக் கட்டு, முன்பக்கம் அணியத்திலிருந்து விடுவோம்" என்றார். புது வலை, வட்டிக்கு வாங்கியது. நான் கத்தினேன். அவர் பதிலே சொல்லாமல் வடத்தோடு இறக்கிவிட்டார். வடம் விறைத்தது, அணியம் மெல்லக் காற்றுக்கு எதிரே திரும்பியது. அதுவரை தளத்தில் உருண்டுகொண்டிருந்த சோற்றுக் குண்டான் அப்படியே நின்றது.

ராத்திரி வடத்துக்குக் காவல் நான். தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் விளிம்பில் உரசி உரசி, மூன்று புரியில் ஒன்றுதான் மிச்சம்.

பழைய கேடட்:
உங்களுக்காவது வலை இருந்தது. எங்கள் சரக்குக் கப்பல் ஜூலை மாதம் அரபிக்கடலில் கரண்ட் போய் ஆறு மணி நேரம் மிதந்தது. 180 மீட்டர் கப்பலுக்குப் பாராசூட் எங்கே போய்த் தேட? கேப்டன் ஒரு நங்கூரத்தை ஐந்து ஷேக்கிள் இறக்கச் சொன்னார். ஒரு ஷேக்கிள் என்றால் 27.5 மீட்டர் சங்கிலி, கீழே ஆழமோ மூவாயிரம் மீட்டருக்கு மேல். "எங்கே போய்த் தட்டும்?" என்று சிரித்தேன். தள ஆட்களின் தலைவரான போசன் முறைத்த முறை இருக்கிறதே! தட்ட வேண்டாம், தொங்கினாலே போதும். முகப்பு முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் உருளல் குறைந்தது.

நாகை ஃபைபர்:
தம்பி தூத்தூரான், வலையை விட்டது தப்பு. சுருட்டினாலும் கண்ணி வழியே தண்ணீர் போகும், பிடிமானம் போதாது. கேடட் சொல்வது நமக்கு ஆகாது. வேளாங்கண்ணிக்கு நேரே ஒருமுறை அவுட்போர்டு எஞ்சின் மக்கர் பண்ணியது. அவசரத்தில் வடத்தைப் பின்பக்கம் கட்டிவிட்டேன். போட்டுக்குள் தண்ணீர் ஏறி, விடிய விடிய இறைத்தேன்.

இனியாவது பாராசூட் துணி வைத்துக்கொள்ளுங்கள். வடம் படகு நீளத்தைப் போல் பத்து மடங்காவது வேண்டும். என் 28 அடிக்கு 280 அடி. படகு ஓர் அலையின் தலையில் ஏறும்போது குடையும் வேறோர் அலையின் தலையில் ஏறவேண்டும். இல்லாவிட்டால் வடம் ஒரு நேரம் தொய்ந்து, ஒரு நேரம் வெட்டி இழுக்கும். நைலான் வடம்தான் நல்லது, நீண்டு கொடுக்கும். உரசும் இடத்தில் வடத்தின் மேல் ஹோஸ் குழாய் மாட்டுங்கள். குடை உச்சியில் மெல்லிய கயிறும் மிதவையும் கட்டினால், அதை இழுத்ததும் குடை சுருங்கிவிடும், ஏற்றுவது சுலபம். கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதிப்படி உயிர்காப்பு மிதவையான ராஃப்டிலேயே இரண்டு கடல் நங்கூரம் உண்டு. பின்னால் மட்டும் கட்டவே கட்டாதீர்கள்.

பழைய கேடட்:
"கட்டவே" என்பது தப்பு அண்ணே. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் 15 பேர் செத்த பிறகு ஜோர்டன் என்பவர் வடிவமைத்தாரே, வடம் நெடுக வரிசையாகச் சின்னக் கூம்புகள், அது பின்னால்தான் கட்டுவது. பின்பக்கம் தாழ்ந்த போட்டுக்கு ஆகாது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தூத்தூரான்:
ஹோஸ் அந்த வாரமே வாங்கியாச்சு அண்ணே. வலை தப்போ சரியோ, அன்றைக்குக் கையில் இருந்தது அதுதான். மறுநாள் மத்தியானம் இன்னொரு படகு வந்து எங்களைக் கட்டி இழுத்தது. அறுந்த புரியைச் சித்தப்பா கையில் எடுத்துப் பார்த்தார். கரைக்கு வந்ததும் புது வடம் வாங்கினார். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று இன்றுவரை கேட்கவில்லை.