தேனிலவுக்கு நெடுந்தீவு: ரயிலிலும் படகிலும் போய்க் குதிரை பார்க்க முடியுமா?

வெள்ளவத்தை_ஆசிரியை எழுதியது:

வணக்கம். தை மாதக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். தேனிலவு என்றால் நுவரெலியாதான் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு நெடுந்தீவுக்குப் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ஆசிரியை கரும்பலகையில் இலங்கை வரைபடம் வரைந்து, யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் ஒரு புள்ளி வைத்து, "இங்கே குதிரைகள் தாமாகவே திரிகின்றன" என்றார். அந்தப் புள்ளி இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. கொழும்பில் நான் பார்த்த குதிரைகள் எல்லாமே கடிவாளம் போட்டவை. கடிவாளம் இல்லாத ஒன்றை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, போவோம்" என்றார்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதாக இருக்கிறோம். அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, தங்க வேண்டுமா? எனக்கு லீவு கிடைப்பது பெப்ரவரியில் நான்கு நாள், அல்லது ஆகஸ்ட் விடுமுறை. எது நல்லது? இன்னொன்று, அவருக்குப் பயணத்தில் தலைசுற்றும். மலைப்பாதை பஸ்ஸே ஒத்துவராது. படகு தாங்குமா? போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மாவிலித்துறை_மகன் எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் நெடுந்தீவில் பிறந்து பதினாறு வயதுவரை அங்கேயே படித்தவன். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். அம்மா இன்னும் தீவில்தான், அதனால் மாதம் ஒரு தடவையாவது படகு ஏறுவேன்.

பெப்ரவரியில் போங்கள், ஆகஸ்ட் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தீவு முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனது. ஆறு இல்லை, ஓடை இல்லை. மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கும். அந்த நன்னீர்தான் மனிதருக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும். மழை ஓய்ந்த மாசி, பங்குனியில் குளங்களில் தண்ணீர் இருக்கும், வெளியெல்லாம் புல் இருக்கும். ஆவணியில் போனால் குதிரைகளைக் காண்பது சுலபம், ஏனென்றால் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி ஓரிடத்தில் கூடி நிற்கும். ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போன குதிரைகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஊர்ச்சனம் தாங்கள் குடிக்க இறைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வைக்கிற மாதங்கள் அவை. கல்யாணமான கையோடு நீங்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டாம்.

கடலுக்கும் பெப்ரவரிதான் நல்லது. ஆகஸ்டில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. கார்த்திகை, மார்கழி மழைக்காலமும் கடல் குழம்பித்தான் கிடக்கும். மாசியில் பொதுவாக அடங்கியிருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறக்கூடாது. படகின் நடுப்பகுதியிலோ பின்பக்கமாகவோ இருங்கள், முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். கீழ்த்தட்டில் வெக்கையும் டீசல் மணமும் இருக்கும், காற்று படும் இடமாகப் பாருங்கள். கைபேசியைப் பார்க்காமல் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு வரச்சொல்லுங்கள். ஒரு மணி நேரம்தான். தலைசுற்று மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை.

வழி இப்படி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் விடும். அங்கே நயினாதீவுப் படகும் நிற்கும், நெடுந்தீவுப் படகும் நிற்கும். நயினாதீவுக்குத்தான் சனம் அதிகம். அந்த வரிசையில் தவறுதலாக நின்றுவிட்டு, படகு பதினைந்து இருபது நிமிடத்தில் கரை தட்டியதும் முழிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கேட்டு ஏறுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படகு நேரம் அடிக்கடி மாறும், முதல் நாளே விசாரித்து வையுங்கள். எந்தப் படகானாலும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பதில் பிரயோசனம் இல்லை.

இறங்குவது மாவிலித்துறை. அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் வைத்துக் கொல்லப்பட்ட எங்கள் ஊர்ச்சனத்துக்கானது. சந்தோஷப் பயணத்தில் இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வரும் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புபவர்களுக்குக் கிடைப்பது நடு மத்தியானம். அப்போது குதிரைகள் வெயிலுக்கு ஒதுங்கித் தூரத்தில் நிற்கும். பழைய கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்) என்று வண்டிக்காரர் அவசரமாகச் சுற்றிக் காட்டுவார், கடைசியில் குதிரைக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். தங்கினால் விடியக்காலையில் போகலாம். தங்குமிடங்கள் கொஞ்சம்தான், முன்கூட்டியே பேசி வையுங்கள். காசும் கையில் எடுத்து வாருங்கள்.

குதிரைகள் பெரும்பாலும் தீவின் தெற்கு, மேற்குப் பக்க வெளிகளில் நிற்கும். உயரம் குறைந்தவை, கபிலமும் கறுப்புமாக இருக்கும். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைப் பெரிதாக நடத்தினார். அந்தக் காலத்து லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், குதிரைகள் எங்களோடு தங்கிவிட்டன. 2015 இல் தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள்.

நடந்து போங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போய், ஒரு முருகைக்கல் மதில் ஓரமாக இருந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உங்களை மறந்துவிட்டு மேயத் தொடங்கும்.

உள்ளான்_பார்ப்பவன் எழுதியது:

அண்ணா குதிரையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் பறவைக்காரன், வழியைப் பற்றிச் சொல்கிறேன். குதிரையை மட்டும் நினைத்துக்கொண்டு போனால் வழியில் இருப்பது தவறிவிடும்.

பகல் ரயிலில் போங்கள். இரவு ரயிலில் தூங்கிவிட்டு விடிய யாழ்ப்பாணத்தில் இறங்குவது வசதிதான், ஆனால் ஆனையிறவுக் கடல்நீரேரியை இருட்டில் கடந்துவிடுவீர்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வவுனியா தாண்டினால் காடு, கிளிநொச்சிப் பக்கம் வயல். பரந்தன் கழிந்ததும் சட்டென்று நிலம் திறந்து, ஆழமே இல்லாத தண்ணீர் பரந்து கிடக்கும். அங்கே போனதும் எழுந்து கதவுப் பக்கம் பாருங்கள், ஆனால் படியில் நிற்க வேண்டாம். கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா என்று ஏதாவது கண்ணில் படும். பெப்ரவரியில் வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், அது அசைந்தால் பூநாரை.

பூநாரை சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் போன்ற அமைப்பு உண்டு, அதில் சிறு இறால்களும் பாசியும் தங்கிவிடும். அதன் நிறமும் அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவதுதான்.

அப்புறம், 776 பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல்தான். கையில் ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும், 8x42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெருக்கம். படகிலும் அதுதான் வசதி. அதற்கு மேல் பெருக்கம் போனால் ஆட்டத்தில் எதுவும் நிலைக்காது.

நான்கு நாளில் மன்னாரையும் சேர்க்கச் சிலர் சொல்லக்கூடும். வங்காலைச் சரணாலயம் அருமையான இடம், தலைமன்னார் வரை ரயிலும் உண்டு. ஆனால் அது மதவாச்சியில் பிரியும் வேறு பாதை. இந்தப் பயணத்தில் வேண்டாம், அதற்கென்று தனியாக ஒரு தடவை போங்கள்.

வெள்ளவத்தை_ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, நன்றி உள்ளான். அவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் இருக்க வேண்டும், முன்பக்கம் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெப்ரவரி என்று முடிவு செய்துவிட்டோம், ஒரு இரவு நெடுந்தீவில்.

ஒன்று கேட்கிறேன். குதிரைகளுக்குக் கரட் கொண்டு போகலாமா? கையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை.

மாவிலித்துறை_மகன் எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. உங்கள் ஆசை விளங்குகிறது, ஆனாலும் வேண்டாம். புல் மேயும் வயிறு அது. பழக்கமில்லாததைத் தின்றால் வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி என்பது உயிரையே எடுக்கக்கூடிய நோய், வாந்தி எடுத்து ஆற்றிக்கொள்ள அதனால் முடியாது. கரட் கொண்டுவருபவர் போனதும் அந்தப் பை வெளியில் கிடக்கும். அதையும் தின்னும். மனிதரைக் கண்டால் சாப்பாடு வரும் என்று பழகினால் வீதிக்கு வரத் தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், முதல் பதிலில் எழுத மனம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த என் உறவினர்களை ஒரு பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போனேன். குதிரைகள் ஓடினால் படம் வடிவாக வரும் என்று வண்டி ஓட்டியவர் கூட்டத்துக்குப் பக்கமாக விட்டார். நான் மறிக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாகக் கத்தினார்கள், நானும் கத்தினேன். கூட்டம் ஓடியது. ஒரு குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும், பின்தங்கி மதிலுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தாய் மற்றப் பக்கம். இரண்டும் மதில் நெடுக மேலும் கீழும் ஓடின. நாங்கள் வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றோம். கடைசியில் கல் சரிந்து கிடந்த ஓரிடத்தால் குட்டி ஏறிப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்த ஊரில் பிறந்த எனக்கே அன்று புத்தி வேலை செய்யவில்லை. ஆகவே உங்கள் வண்டிக்காரர் "விரட்டிக் காட்டவா" என்று கேட்டால், ஏறும்போதே வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கிட்டப் போகலாமா என்று யோசித்தால், காதைப் பாருங்கள். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் உங்களைக் கவனிக்கிறது, அங்கேயே நில்லுங்கள். காதைப் பின்னால் மடித்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு ஆண்குதிரை வந்தால், அது தன் கூட்டத்தைக் காக்கிறது, நீங்கள் பின்வாங்க வேண்டும். பின்பக்கமாக மட்டும் போகவே கூடாது.

கடலாடி_துணைவி எழுதியது:

நாங்களும் கல்யாணமாகி இரண்டாம் வாரம் போனோம், அதுவும் மாசிதான். அண்ணா சொன்ன மாதிரியே ஒரு இரவு தங்கினோம்.

வீட்டுக்கார அம்மா எங்களை விடிய முன்னமே எழுப்பிவிட்டார். சைக்கிளில் போனோம், மதில்களுக்கு இடையிலான ஒழுங்கை வழியாக. வெளிக்கு வந்தபோது பனிமூட்டம், பனைகளின் தலை மட்டும் தெரிந்தது. குதிரை ஒன்றும் இல்லை. இவர் திரும்புவோமா என்று கேட்டார். நான் கல்லில் இருந்துவிட்டேன். பிறகு புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது, "கறுக் கறுக்" என்று, மிகப் பக்கத்தில். மூட்டம் விலக ஆறு குதிரைகள், எங்களிடமிருந்து ஒரு முற்றத்துத் தூரம்கூட இல்லை. அதுவரை அங்கேயேதான் நின்றிருக்கின்றன. நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. படமும் எடுக்கவில்லை, கை நகரவில்லை. தங்கச்சி, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கால்மூடிய செருப்புப் போட்டுப் போங்கள், முருகைக்கல் காலைக் கிழிக்கும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். தொப்பி. படகில் மேலே போர்த்திக்கொள்ள ஒரு துவாய், தண்ணீர் தெறிக்கும்.

வெள்ளவத்தை_ஆசிரியை எழுதியது:

அக்கா, இதை வாசித்துவிட்டு எனக்கு இரவு நித்திரை வரவில்லை. கரட் இல்லை, விரட்டுவதும் இல்லை, வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். பகல் ரயிலுக்குத்தான் இருக்கை எடுக்கப் போகிறோம், ஜன்னல் பக்கமாக இரண்டு. அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். "குதிரை பார்க்கவா கல்யாணம் கட்டுகிறாய்" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தன்னுடைய பெரிய துவாயை எடுத்துத் தந்தார், படகுக்கு.