லினக்ஸ் கர்னலில் எதை அணைத்தால் அப்ளிகேஷன் உடையாது?

குட்டிபோர்டு:
128 எம்பி ராம் உள்ள ஒரு ஆர்ம் போர்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு பைதான் சர்வீஸ், கொஞ்சம் ஸ்கிரிப்ட்கள், அவ்வளவுதான் ஓடும். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' (இப்போது லோடு ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்வது) போட்டு டிரைவர்களைக் குறைத்தாயிற்று. கர்னல் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்கில் சிஸ்டம் வி ஐபிசி (பிராசஸ்கள் நினைவகம் முதலியவற்றைப் பகிரும் பழைய முறை) இருக்கிறது, 'எக்ஸ்பர்ட்'டை ஆன் செய்ததும் ஏஐஓ (காத்திருக்காமல் படிக்க, எழுத), ஃபியூடெக்ஸ் (பூட்டுகளுக்கு), இபோல் (பல இணைப்புகளைக் கவனிக்க) என்று நீள வரிசையும் வருகிறது. புரோகிராம் கர்னலிடம் கேட்கும் வேலைகளை, அதாவது சிஸ்டம் கால்களை, பட்டியலிடும் ஸ்ட்ரேஸை ஓட்டி, அதில் வராத கால்களையெல்லாம் தூக்கிவிட்டால் போதுமா? ஒவ்வொன்றாக அணைத்து பில்ட் செய்து பூட் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

பழையபேட்ச்:
போதாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததை மட்டும்தான் ஸ்ட்ரேஸ் சொல்லும். உங்கள் போஸ்ட்கிரெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த 9.3 முதல் அது பகிர்வு நினைவகத்தின் பெரும்பகுதியை எம்மேப் என்ற சிஸ்டம் கால் வழியாக வாங்குகிறது. ஆனால் ஒரே டேட்டா டைரக்டரியை இரண்டு சர்வர்கள் திறந்துவிடாமல் தடுக்க ஒரு சின்ன சிஸ்டம் வி செக்மென்ட்டை இன்னும் வைத்திருக்கிறது. அதைக் கேட்பது சர்வர் எழும்போதுதான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஸ்ட்ரேஸை ஒட்டினால் செக்மென்ட்டைக் கேட்கும் அந்த 'ஷெம்கெட்' சிஸ்டம் கால் கண்ணிலேயே படாது. நீங்களும் நம்பி அணைப்பீர்கள், அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வர் எழாது.

பில்ட் செய்யாமலே சோதிக்க வழி இருக்கிறது, அதுவும் ஸ்ட்ரேஸிலேயே. 'இன்ஜெக்ட்' ஆப்ஷனில் காலின் பெயரையும் 'எனோசிஸ்' ('அப்படி ஒரு கால் இல்லை') பிழையையும் கொடுங்கள். அணைத்துவிட்ட சிஸ்டம் காலுக்குக் கர்னல் திருப்புவதும் அதே எனோசிஸ்தான். சர்வரை ஆரம்பத்திலிருந்தே ஸ்ட்ரேஸுக்குள் கிளப்புங்கள், '-எஃப்' சேருங்கள், இல்லையென்றால் சைல்ட் பிராசஸ்கள் தப்பிவிடும். பேக்கப், ரீஸ்டோர், ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் அப்படியே ஓட்டிப் பாருங்கள்.

எனோசிஸுக்குப் பதில் 'ஈபெர்ம்' ('அனுமதி இல்லை') வைத்துச் சோதிக்காதீர்கள். த்ரெட் உருவாக்கும் குளோன்3 காலுக்கு எனோசிஸ் வந்தால் புதிய ஜிலிப்சி (புரோகிராம்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரி) பழைய குளோனுக்கு இறங்கிவிடும். ஈபெர்ம் வந்தால் இறங்காது, த்ரெட்டே பிறக்காது.

ஃபியூடெக்ஸைத் தொடவே வேண்டாம். அது இல்லாமல் ஜிலிப்சியின் பூட்டுகள் நிற்காது.

ஷெபாங்:
ஸ்கிரிப்ட் என்றதால் சொல்கிறேன். 'பின்எஃப்எம்டி ஸ்கிரிப்ட்' என்று ஒன்று இருக்கும், '#!' வரியில் தொடங்கும் ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது அதுதான், அதை அணைக்காதீர்கள். அணைத்தால் எனோசிஸ் வராது, 'இந்த ஃபைலை ஓட்டத் தெரியாது' என்ற பிழைதான் வரும். ஷெல் உடனே அதைத் தானே படித்து ஓட்டப் பார்க்கும். ஷெல் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஓடிவிடும், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். பைதான் ஸ்கிரிப்டில்தான் 'இம்போர்ட் என்ற கட்டளை இல்லை' என்று ஷெல் புலம்பும்.

குட்டிபோர்டு:
ஓட்டிப் பார்த்தேன். ஏஐஓவைத் தொடங்கும் ஐஓசெட்டப்புக்கு எனோசிஸ் கொடுத்தும் போஸ்ட்கிரெஸும் பைதான் சர்வீஸும் கண்டுகொள்ளவில்லை, ஆகவே ஏஐஓ போகிறது. ஷெம்கெட்டுக்குக் கொடுத்ததும் போஸ்ட்கிரெஸ் எழ மறுத்துவிட்டது. சிஸ்டம் வி இருக்கட்டும். இவற்றில் எவ்வளவுதான் மிச்சமாகும்?

பழையபேட்ச்:
கிலோபைட் கணக்குதான். கர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் 'புளோட்-ஓ-மீட்டர்' இருக்கிறது, பழைய விஎம்லினக்ஸையும் (பில்ட்டில் வரும் கர்னல் ஃபைல்) புதியதையும் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எவ்வளவு இளைத்தது என்று காட்டும். என்னைக் கேட்டால் முதலில் எஃப்ட்ரேஸ் (கர்னல் ஃபங்ஷன்களைப் பின்தொடர்வது), 'கால்சிம்ஸ் ஆல்' (கர்னல் சின்னங்களின் முழுப் பெயர்ப்பட்டியல்), நெட்ஃபில்டர் (ஃபயர்வால்), பயன்படாத ஃபைல் சிஸ்டங்கள் இவற்றைப் பாருங்கள். எடை அங்கேதான் இருக்கிறது, அப்ளிகேஷன் உடையும் வாய்ப்பும் குறைவு. அப்புறம், லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டிய நேரத்தில் யூஎஸ்பியில் எதைச் செருகியிருந்தீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். அப்போது லோடு ஆகாத மாட்யூல் புதிய கர்னலில் இருக்காது.